எம்பிஏ சீட்டு: பரீட்சையைத் தவிர மற்றதெல்லாம்

எம்பிஏ சேர எழுதும் கேட் (CAT) நுழைவுப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர சென்னையில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அண்ணா நகர், தி.நகர், வேளச்சேரி, எங்கே திரும்பினாலும் ஒரு கோச்சிங் சென்டர் போர்டு. ஆனால் எந்தச் சாதிச் சான்றிதழ் செல்லும், சிஜிபிஏவைச் சதவீதமாக எப்படி மாற்றுவது, ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே மூடிவிடும் விண்ணப்பங்கள் எவை, மே மாதம் இடம் கிடைத்தால் கம்பெனியின் மூன்று மாத நோட்டீஸை என்ன செய்வது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எங்கள் வீட்டில் எம்பிஏ படித்தவர்கள் யாரும் கிடையாது. ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே ஒண்டியாக இந்த ஓட்டத்தை ஓடி, வெயிட்லிஸ்ட்டில் தொங்கி, கடைசியில் மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளான ஐஐஎம்களில் (IIM) புதிய ஒன்றில் இடம் கிடைத்தது. கோச்சிங், விண்ணப்பங்கள், ரயில், திரும்பி வராத ஒரு முன்பணம், நோட்டீஸுக்காகக் கம்பெனிக்குக் கட்டியது எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் கரைந்துவிட்டது. யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த வார்த்தைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் டிப்ஸ் தேடுகிறவர்களுக்கு இதில் கொஞ்சம்தான் கிடைக்கும்.

கோச்சிங்குக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐஐஎம்மும் வெளியிட்டிருக்கும் அட்மிஷன் பாலிசியைப் பொறுமையாகப் படியுங்கள். யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும்போது கேட் மார்க்கோடு பழைய மார்க்குகளையும் சேர்த்து, சில இடங்களில் வேலை அனுபவத்துக்கும் பெண் விண்ணப்பதாரர்களுக்கும் தனிப் புள்ளி கொடுத்து, ஒரு கூட்டு மதிப்பெண் தயாரிக்கிறார்கள். இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். அகமதாபாத், பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி போடுகிறது. பெங்களூரு இன்னும் நுணுக்கம். உங்கள் போர்டில் படித்து கேட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் 90-வது பெர்சென்டைலில், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேலே, நிற்பவரின் மார்க்கால் உங்கள் மார்க்கை வகுத்துப் பார்ப்பார்கள். உங்கள் போர்டில் மார்க்கை வாரி வழங்கிய வருஷமாக இருந்தால், வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய 92 சதவீதம் அங்கே அவ்வளவாகப் பேசாது.

பாலிசியில் குறைந்தபட்சத் தகுதி என்று 80, 85 பெர்சென்டைல் போட்டிருப்பார்கள். அதைக் கட்-ஆஃப் என்று நம்பி வீட்டில் சொல்லி வைக்காதீர்கள். அது வாசலில் நிற்க அனுமதி. பொதுப் பிரிவில், குறிப்பாக என்ஜினியர் பையன்களுக்கு, அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தாவிலிருந்து இன்டர்வியூவுக்குக் கால் (அழைப்பு) வர 99-க்கு மேல் தேவைப்படும். பள்ளி மார்க் எழுபதுகளில் இருந்தால் 99.5 வாங்கியும் கால் வராமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் முதலிலேயே வேறு பட்டியல் தயாரிப்பது நல்லது. புதிய ஐஐஎம்கள் பல சேர்ந்து கேப் என்ற பெயரில் பொது இன்டர்வியூ நடத்துகின்றன; திருச்சியும் அந்த வழியில் ஆள் எடுத்திருக்கிறது. அங்கே கூப்பிடுவதில் கேட் மார்க்குக்குத்தான் முன்னுரிமை. நம் ஊரிலேயே ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை கேட் மார்க்கை வைத்து எம்பிஏவுக்கு எடுக்கிறது. லயோலா வளாகத்தில் இருக்கும் மேலாண்மைக் கல்லூரியான லிபாவுக்கு (LIBA), எக்ஸாட் (XAT) என்ற இன்னொரு நுழைவுத் தேர்வு, கேட் இரண்டுமே செல்லும். இன்னொன்று, கேட் தாளில் உள்ள இங்கிலீஷ், லாஜிக், கணக்கு என்ற ஒவ்வொரு பிரிவுக்கும் தனி கட்-ஆஃப் உண்டு. மொத்தத்தில் 98 வாங்கி, லாஜிக் பிரிவில் 68-ல் சறுக்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

2021-ல் தமிழ்நாடு ஸ்டேட் போர்டில் பத்தாவது முடித்தவர்களுக்குத் தனிச் சிக்கல். கொரோனாவால் அந்த வருஷம் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எல்லாருக்கும் தேர்ச்சி, மார்க் ஷீட்டில் மார்க் கிடையாது. விண்ணப்பத்திலோ பத்தாவது மார்க் கேட்கும் கட்டம் இருக்கும். பள்ளியில் போட்ட அரையாண்டு மார்க்கை நீங்களாகக் கொண்டுபோய் அதில் நிரப்பாதீர்கள். இன்டர்வியூ அன்று ஒரிஜினலோடு ஒப்பிடும்போது ஒத்துப்போகாது, விண்ணப்பமே ரத்தாகலாம். அந்த வருஷத்து வழிகாட்டுதலில் இதற்கென்று ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட் உதவி மையத்துக்கு மெயில் போட்டு, வரும் பதிலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதற்கு மதிப்பில்லை.

இனி சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிற இடம் இது. பள்ளியில் சேரும்போது வாங்கிய பிசி, எம்பிசி சான்றிதழ் மாநில அரசின் இட ஒதுக்கீட்டுக்கு. ஐஐஎம்கள் மத்திய அரசு நிறுவனங்கள். அங்கே பிசியும் கிடையாது, எம்பிசியும் கிடையாது. 27 சதவீத ஓபிசி ஒதுக்கீடு, அதுவும் கிரீமி லேயர் எனப்படும் வசதியான பிரிவில் வராதவர்களுக்கு மட்டும். இதற்கு ஓபிசி சான்றிதழ் என்று தனியாக இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டி வரும். கவுண்டரில் இருந்தவர் பழைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கம்யூனிட்டி சர்டிபிகேட்தான் பர்மனென்டா இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் தினமும் பார்ப்பது மாநிலச் சான்றிதழைத்தான். “சார், சென்ட்ரல் கவர்மென்ட் ஃபார்மட்ல ஓபிசி, நான்-கிரீமி லேயர்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் உட்பிரிவு மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் அதே எழுத்தில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடுங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத சாதிகளும் உண்டு.

கிரீமி லேயர் வருமான வரம்பு 8 லட்சம் என்றதும் பலர் அப்பாவின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, நமக்குக் கிடைக்காது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த 8 லட்சத்தில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம், வட்டி போன்ற மற்ற வருமானம்தான் கணக்கு. அரசு வேலை என்றால் பெற்றோர் குரூப் ஏவா, பியா என்று பதவியைப் பார்ப்பார்கள். வேலைக்குப் போகிற உங்கள் சம்பளமும் கணக்கில் வராது, பார்ப்பது பெற்றோரின் நிலையைத்தான். பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான இடபிள்யூஎஸ் (EWS) ஒதுக்கீடு இதற்கு நேர் எதிர். அங்கேயும் 8 லட்சம்தான், ஆனால் சம்பளம், விவசாயம், உங்கள் சொந்த வருமானம் எல்லாம் சேரும். 1000 சதுர அடி ஃபிளாட்டோ 5 ஏக்கர் விவசாய நிலமோ இருந்தாலும் கிடையாது. இரண்டு சான்றிதழுக்கும் தேதி முக்கியம். நிதியாண்டு மாறினால் பழையது செல்லாது என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஆகஸ்டில் கேட் படிவத்தோடு ஏற்றுவதற்கு ஒன்று, மறு வருஷம் சேரும்போது புதுசாக ஒன்று என்று இரண்டு முறை அலைய நேரலாம். ஜூனிலேயே முதல் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். கல்லூரி அட்மிஷன் நடக்கும் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெரியும், ஆர்ஐ கையில் ஃபைல் தூங்கும். கேட் படிவத்தில் பிரிவைத் தவறாகப் போட்டுவிட்டால் பிற்பாடு மாற்ற வழியில்லை.

படிவம் வழக்கமாக ஆகஸ்ட் முதல் தேதி திறந்து செப்டம்பர் நடுவில் மூடும். 2025-ல் கட்டணம் 2600 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1300. நம் ஆட்களுக்கு முதல் தொல்லை இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பான் கார்டில் வேறு மாதிரி. படிவத்தில் போடும் பெயரும் பரீட்சை அன்று காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜூலையிலேயே ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ற மாதிரித் திருத்திவிட்டால், பிறகு கல்விக் கடன் வரைக்கும் அந்த ஒரு திருத்தம் காப்பாற்றும். அடுத்தது சிஜிபிஏ. உங்கள் பல்கலைக்கழகம் எந்தச் சூத்திரம் சொல்கிறதோ அதுதான் செல்லும். சூத்திரமே இல்லாத பல்கலைக்கழகம் என்றால் வாங்கியதை அதிகபட்ச சிஜிபிஏவால் வகுத்து நூறால் பெருக்கச் சொல்கிறார்கள். அந்தச் சூத்திரத்தைப் பல்கலைக்கழக முத்திரையோடு கடிதமாக வாங்கி வையுங்கள், இன்டர்வியூவில் கேட்பார்கள்.

வேலை அனுபவத்தில் டிகிரி முடித்த பிறகு சம்பளம் வாங்கிப் பார்த்த முழுநேர வேலை மட்டும் சேரும். இன்டர்ன்ஷிப் மாதங்களைச் சேர்த்துக் காட்டாதீர்கள், ஆஃபர் லெட்டர் தேதியை வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். புகைப்படம் விஷயத்தில், ஏற்றிய அதே படத்தின் பிரதியை அட்மிட் கார்டில் ஒட்டச் சொல்வார்கள். ஆகவே ஸ்டுடியோவில் எடுக்கும்போதே கூடுதலாகப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்த ஐஐஎம், எந்தப் படிப்பு, இன்டர்வியூ எந்த ஊரில் என்பதெல்லாம் இதே படிவத்தில்தான் டிக் செய்ய வேண்டும். டிக் செய்யாத ஐஐஎம் உங்களைத் திரும்பியே பார்க்காது. கூடுதலாக டிக் செய்ய கூடுதல் காசும் கிடையாது. ஐஐஎம் அல்லாத நிறுவனங்களுக்கு இது போதாது, அவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2024-ல் 68 கேள்வி: இங்கிலீஷ் 24, லாஜிக் 22, கணக்கு 22. பிரிவுக்கு 40 நிமிடம், ஒரு பிரிவில் மிஞ்சிய நேரத்தை அடுத்ததில் பயன்படுத்த முடியாது. சரியான விடைக்கு 3, தவறுக்கு மைனஸ் 1. விடையை டைப் செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது, அவற்றைக் காலியாக விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்த ஆண்டு சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். மொத்த மதிப்பெண்ணில் பாதியைத் தொட்டாலே 99 பெர்சென்டைலை எட்டிவிடலாம் என்கிற அளவுக்குத்தான் தாள் இருந்தது. அப்படியானால் விடுவதற்குத் தெரிந்திருக்க வேண்டும். லாஜிக் பிரிவில் முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் எல்லா செட்டையும் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விக் கூட்டம்) படித்துப் பாருங்கள். வரிசையில் முதலாக இருக்கிறது என்பதற்காக ஒரு செட்டில் இறங்கி 18 நிமிடம் மூழ்கியவர்களால் பிறகு எழ முடியாது. எந்தெந்த நிபந்தனை நேரடியாக எண்ணைக் கொடுக்கிறது, எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்து இரண்டு செட் எடுத்து, இரண்டையும் முழுசாக முடித்தால் நல்ல பெர்சென்டைல் வரும். நாலு செட்டைத் தொட்டு நாலையும் பாதியில் விட்டால் ஒன்றும் வராது. மாக் டெஸ்ட் என்ற மாதிரித் தேர்வு எழுதுவது இரண்டு மணி நேரம். விட்ட கேள்வியையும் தப்பான கேள்வியையும் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க அதைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாத வாரத்தில் மாக் எழுதாதீர்கள். வீட்டில் இடம் இல்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. காசு செலவில்லாத ஏசி.

சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாத விஷயம் மழை. கேட் நடப்பது நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டி, வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில். 2015-ல் நவம்பர் 29 பரீட்சை, டிசம்பர் 1, 2-ல் ஊர் மூழ்கியது. 2020-ல் நிவர் புயல் கரை கடந்து மூன்றே நாளில் பரீட்சை. 2023-ல் பரீட்சை முடிந்த அடுத்த வாரம் மிக்ஜாம், 2024-லும் அடுத்த வாரம் ஃபெஞ்சல். இத்தனை வருஷமும் நூலிழையில் தப்பியிருக்கிறது. என்றைக்கும் தப்பும் என்று எண்ண வேண்டாம். மையம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஏதாவது என்ஜினியரிங் கல்லூரியில் விழும். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், கேளம்பாக்கம் பக்கம். காலை ஸ்லாட் 8.30-க்கு என்றால் அதற்கு வெகு முன்னாலேயே மையத்தின் வாசலைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பகுதியில் வீடு என்றால் முதல் நாள் ராத்திரியே மையத்துக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். உள்ளே நகை, வாட்ச், தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ எதுவும் விடமாட்டார்கள். மழையில் நனையாமல் இருக்க அட்மிட் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் காசு கசிவது மற்ற பரீட்சைகளிலும் மற்ற விண்ணப்பங்களிலும். கேட் ஒன்றை நம்பி இருக்க பயமாக இருக்கும், பயத்தில் எல்லாவற்றுக்கும் கட்டிவிடுவோம். சிம்பயாசிஸ் கல்லூரிகளுக்கான ஸ்னாப் (SNAP) தேர்வை மூன்று முறை எழுதலாம், நல்ல மார்க்கை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் 2250, ஒவ்வொரு படிப்புக்கும் மேலே 1000 என்று போகும். என்மேட் (NMAT) என்ற தேர்வும் மூன்று முறை, அதில் மைனஸ் இல்லை, வேகம்தான் சோதனை. எக்ஸாட் ஜனவரி முதல் ஞாயிறு. அதில் முடிவெடுத்தல் என்று தனிப் பிரிவு உண்டு, எட்டுக்கு மேல் கேள்விகளை விட்டால் விட்டதற்கும் 0.10 மார்க் கழிப்பார்கள். கேட்டுக்குப் பழகிய விடுகிற கை இங்கே அடி வாங்கும், டிசம்பர் முழுக்கப் பழைய தாள்களைப் போட்டுப் பழகுங்கள். என் கணக்குப்படி கேட், எக்ஸாட், இன்னும் ஒன்று, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்குள் குறைந்த செலவில் படிக்க வேண்டும் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதுங்கள். கட்டணம் 1000 ரூபாய், பெரும்பாலும் மார்ச்சில் வரும். கிண்டி வளாகத்து எம்பிஏ அதில்தான். எம்பிஏ என்றாலே இருபது லட்சம் என்று நினைக்கிற வீட்டுக்கு இந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். கோச்சிங் சென்டர்கள் இதைப் பற்றி அதிகம் வாயைத் திறப்பதில்லை.

தனி விண்ணப்பங்களில் பல, கேட் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே மூடிவிடும். மார்க் தெரியாமலே ஒவ்வொன்றுக்கும் ஆயிரம், இரண்டாயிரம், மூன்றாயிரம் என்று கட்ட வேண்டியிருக்கும். பரீட்சை முடிந்த சில நாளில் உங்கள் விடைத்தாளும் விடைக்குறிப்பும் வெளியாகும். அதை வைத்து மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கடைசித் தேதி தாண்டாதவற்றில் தேவையானதை மட்டும் கட்டுங்கள். அக்டோபரில் தள்ளுபடி என்று மெயில் வரும்போது கட்டுகிற காசுதான் வீண் காசு.

இன்டர்வியூக்கள் ஜனவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை இழுக்கும். எல்லா வருஷமும் எல்லா நிறுவனமும் சென்னைக்கு வருவதில்லை, பெங்களூரு போக நேரும். காலை நேரம் என்றால் முதல் நாள் ராத்திரி பெங்களூரு மெயில் பிடித்துவிடுங்கள், அதிகாலையில் கிளம்பும் வண்டியை நம்பாதீர்கள். ஆபீஸில் லீவு சொல்வது தனிக் கலை. மேனேஜரிடம் எத்தனை கல்யாணம், எத்தனை காய்ச்சல் சொல்ல முடியும்? முழு லீவையும் மார்ச் வரைக்கும் செலவழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். உள்ளே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், இருபது நிமிடம் போல் நடக்கும். முன்னதாகவோ பின்னதாகவோ ஒரு கட்டுரை எழுதச் சொல்லுவார்கள்.

அங்கே திணறுவது எம்பிஏ ஏன் என்ற கேள்விக்கு இல்லை, அதற்கு எல்லாரும் தயாராகத்தான் போகிறார்கள். டிகிரிப் பாடத்தில் கேட்டால்தான் வாய் உலர்ந்துபோகும். படித்து முடித்து மூன்று வருஷம் ஆகிவிட்டது சார் என்பது அங்கே பதில் ஆகாது. பிடித்த பாடம் என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து அவற்றை அடியிலிருந்து படித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது அந்த இரண்டின் பெயரையே சொல்லுங்கள். ஊரைப் பற்றியும் கேட்பார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரில் ஏன் இத்தனை கார் கம்பெனி, எண்ணூரில் துறைமுகம் இருக்கும்போது சென்னைத் துறைமுகம் எதற்கு, 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி செலவில் மெட்ரோ இரண்டாம் கட்டம் தேவையா என்ற மாதிரி. எண் தெரிந்தால் போதாது, “நீங்கள் அதிகாரியாக இருந்தால் அந்தப் பணத்தில் பஸ் வாங்குவீர்களா?” என்று அடுத்தது வரும். ஏதாவது ஒரு பக்கம் நின்று காரணம் சொல்ல வேண்டும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சரி என்றால் அவர்கள் முகத்தில் சலிப்பு தெரியும். பேசும் இங்கிலீஷில் தமிழ் வாடை அடிப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

மார்ச், ஏப்ரல்தான் பணம் சாப்பிடும் மாதங்கள். தனியார் நிறுவனங்களின் ஆஃபர் முதலில் வந்துவிடும், ஐஐஎம் பட்டியல்கள் அதற்கு அப்புறம். பத்து நாளில் முன்பணம் கட்டு, இல்லாவிட்டால் இடம் போய்விடும் என்பார்கள். நானும் கட்டினேன். ஐஐஎம் வெயிட்லிஸ்ட் நகர்ந்து என் எண் வருவதற்குள் அந்த நிறுவனம் போட்டிருந்த திரும்பப் பெறும் தேதி தாண்டிவிட்டது, பணம் வரவில்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருந்தால், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1000 ரூபாய் கழித்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. விலகுகிற மெயிலில் அந்த விதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள். எல்லா நிறுவனமும் அந்த அங்கீகாரத்துக்குள் வருவதில்லை. பல்கலைக்கழகங்களுக்கும் ஐஐஎம்களுக்கும் விதி வேறு. எனவே கட்டுவதற்கு முன் மூன்று கேள்வியை மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: விலகக் கடைசித் தேதி எது, எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும். முன்பணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள், வாய்விட்டுக் கேட்பவர்களுக்கு மட்டும்.

வெயிட்லிஸ்ட் எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். போன வருஷம் எந்த எண் வரை நகர்ந்தது என்று முந்தைய பேட்ச்காரர்களிடம் உங்கள் பிரிவுக்கு மட்டும் கேளுங்கள். பொதுப் பிரிவு நகர்ந்த கதை ஓபிசிக்கு உதவாது.

இந்த நேரத்தில்தான் நோட்டீஸ் பிரச்சினை. ஓஎம்ஆர் கம்பெனிகளில் 90 நாள் சாதாரணம். இடம் உறுதியாவது மே மாதம், வகுப்பு ஜூன் நடுவில். கணக்கு உதைக்கும். ஏப்ரலில் கையில் ஏதாவது ஓர் உறுதியான இடம் இருந்து, அதில் சேர உங்களுக்குச் சம்மதம் என்றால் அன்றைக்கே ராஜினாமா கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. எதுவுமே இல்லாமல் நம்பிக்கையில் பேப்பர் போடாதீர்கள். நியமனக் கடிதத்தை எடுத்து, நோட்டீஸை விலைக்கு வாங்கலாமா, அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்துக்கா மொத்தச் சம்பளத்துக்கா என்று பாருங்கள். இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும். மீதி லீவை நோட்டீஸில் கழிக்க ஹெச்ஆர் சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் வேலை அனுபவத்தை நிரூபிக்க முடியாது, சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுவது சரிப்படாது.

கடனுக்கு ஆஃபர் லெட்டர் வந்த அன்றே ஓடுங்கள். பழைய ஐஐஎம்களில் இரண்டு வருஷக் கட்டணம் 25 லட்சம் வாக்கில் இருக்கும். பெயர் பெற்ற நிறுவனங்களுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமலே வங்கிகள் கொடுக்கின்றன, ஆனால் பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். 2024 நவம்பரில் ஒப்புதலான பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ வாங்காமல் இருக்க வேண்டும். தெருமுனைக் கிளையில் கேட்டால் பல நேரம் தெரியாது என்பார்கள். சேரப்போகும் நிறுவனத்தின் கடன் பட்டியலில் எந்த வங்கி, எந்தக் கிளை இருக்கிறது என்று கேட்டு நேராக அங்கே போங்கள். ஆஃபர் லெட்டர், கட்டண அட்டவணை, மார்க் ஷீட்டுகள், அப்பாவின் வருமான வரிக் கணக்கு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், இவை ஒரே ஃபைலில் இருந்தாலும் பணம் வெளியே வர வாரங்கள் ஆகும். முதல் தவணைக் கெடு அதற்கு முன்னாலேயே வந்துவிடும், அந்தத் தொகைக்கு மட்டும் கைமாற்று ஏற்பாடு செய்து வையுங்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும். திருப்பிக் கட்டும்போது வட்டிக்கு எட்டு வருஷம் வருமான வரியில் கழிவு உண்டு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்.

கடைசி வருஷம் படித்துக்கொண்டே எழுதுகிறவர்களுக்கு ஒன்று. நம் பல்கலைக்கழகங்களில் ரிசல்ட் தாமதமானால் வகுப்பு தொடங்கும் நாளில் கையில் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச்) சான்றிதழ் இருக்காது. அதுவரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் டிகிரிக்கு வேண்டிய எல்லாத் தேர்வும் எழுதி முடித்தாயிற்று என்று முதல்வரோ பதிவாளரோ முத்திரையோடு கொடுத்த கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தின் வாசகத்தை நிறுவனமே தந்திருக்கும். கல்லூரி ஆபீஸில் அவர்கள் வழக்கமாக அடிக்கும் போனஃபைட் சான்றிதழை வாங்கி வந்துவிடாதீர்கள், அது செல்லாது. மே கடைசியில் கல்லூரி ஆபீஸ் லீவில் இருக்கும், கடைசித் தேர்வு எழுதிய வாரத்திலேயே போய் வாங்கிவிடுங்கள்.